விதியும் விதியும்

தமிழிலே விதி என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறக்கும்போதே நெற்றியில் எழுதப்பட்டதென்று நாம் கருதும் ஊழுக்கும் விதி என்று பெயர். இலக்கண நூலாரும் சட்ட நூலாரும் வகுத்துவைத்த நியமத்துக்கும் விதி என்றே பெயர். முன்னையது வந்தபின் தெரிவது. பின்னையது வருமுன் காப்பது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கும் புதுமை, கடல் கடந்த நாடொன்றின் மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோதுதான் எமது கருத்தைக் கவர்ந்தது. கல்லூரியிலே பௌதிகம் கற்பிக்கும் ஒருவருக்கு மோட்டார்ப் பந்தயத்தோடு என்ன உறவு என்று வாசகர் வினவக்கூடும். அவ்வுறவு எமது தமக்கையார் வழியாக வந்தது.

தமக்கையார் கனடாவிலே ஒன்ராறியோ மாகாணத்தில் வாழ்பவர். அவருக்கு ஒரே மகன். ஒருநாள் இரவு நாம் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த வேளையில் தொலைபேசியில் அழைத்தார். குரல் தழுதழுத்திருந்தது.

"தம்பி, உன்ரை மருமகன் கார்ப் பந்தயம் ஓடப்போறானாம். பழைய கார் ஒண்டை வாங்கிவைச்சு இரவு பகலாய் அதோடைதான் கிடக்கிறான். நான் சொன்னாக் கேக்கிறானில்லை. நீ சொன்னாத்தான் கேப்பான். ஒருக்காச் சொல்லித் தடு."

தடுப்பதாக நாமும் வாக்களித்தோம். ஆயின் இருபது ஆண்டுகளாக மாணாக்கரோடு பழகியவர்களுக்கு ஒன்று நன்கு தெரியும். இளைஞனிடம் 'வேண்டாம்' என்று வெறுமனே சொன்னால் அச்சொல் காற்றோடு போய்விடும். காரணத்தோடு சொல்லவேண்டும், கணக்கோடு சொன்னால் இன்னும் நன்று. எனவே அப்பந்தயத்தில் இறந்தோர் யாவர், அவர்கள் எவ்வாறு இறந்தனர் என்பதையெல்லாம் திரட்டி மருமகன் முன் வைப்பதென்று தீர்மானித்தோம். ஆயுதம் தேடுபவரைப்போல அந்த விளையாட்டின் வரலாற்றுக்குள் புகுந்தோம்.

அதனை ட்ராக் பந்தயம் என்பர். வட்டமாகச் சுற்றியோடும் பந்தயமன்று. நேரான தடம் ஒன்றிலே இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் புறப்பட்டு, கால் மைல் தூரத்தை, அதாவது 1320 அடியை, முதலில் கடப்பது வெல்லும். ஊர்க் காரிலே ஓடுபவரும் உண்டு. இதற்கென்றே கட்டிய இராட்சத வண்டிகளில் ஓடுபவரும் உண்டு. அவ்விராட்சத வண்டிகளிலே தலையாயது 'டொப் பியுவல்' என்னும் வகை. இருபத்தைந்து அடிக்கு மேற்பட்ட நீளமும் ஊசிபோன்ற முகமும் உடையது. பெற்றோலுக்குப் பதிலாக நைத்திரோமெதேன் என்னும் திரவத்தை எரித்து ஏறத்தாழ 11,000 பரிவலுவைப் பிறப்பிப்பது. எமது வீதிகளில் ஓடும் சிறிய கார்கள் நூறு பரிவலுவை எட்டுவதே அரிது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பயங்கரம் விளங்கும். நின்ற நிலையிலிருந்து நான்கு விநாடிக்குள் மணிக்கு 300 மைல் வேகத்தை அது கடந்துவிடுகின்றது. நீங்கள் இந்த ஒரு வாக்கியத்தை வாசித்து முடிப்பதற்குள் ஓட்டமும் முடிந்துவிடும்.

இந்த விளையாட்டைப் பெருமளவில் ஒழுங்கு செய்து நடத்திவரும் தேசிய ஹொட் றொட் சங்கம் 1951ஆம் ஆண்டிலே வொலி பார்க்ஸ் என்பவரால் கலிபோர்னியாவில் நிறுவப்பட்டது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து திரும்பிய இளைஞர்கள் பழைய கார்களைத் திருத்தி, வறண்ட ஏரிப் படுகைகளிலும் கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகளிலும், சில வேளைகளில் மக்கள் நடமாடும் வீதிகளிலும் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களை வீதியிலிருந்து தடத்துக்கு அழைத்துவந்து ஒழுங்குக்கு உட்படுத்துவதே பார்க்ஸின் நோக்கமாயிருந்தது. 1954ஆம் ஆண்டிலே அச்சங்கத்தார் சிலர் ஊர் ஊராகச் சென்று பந்தயத்தைப் பாதுகாப்பாக நடத்தும் முறையைக் கற்பித்தனர். இறந்தோரின் பட்டியலைத் தேடிச்சென்ற எமக்கு முதன்முதலில் கையில் அகப்பட்டது இந்தச் செய்திதான்.

பட்டியலும் அகப்படாமற் போகவில்லை. ஆயின் ஒவ்வொரு விபத்தின் பின்னாலும் மற்றொரு கதை தொடர்ந்து வந்தது.

புளோரிடாவைச் சேர்ந்த டொன் கார்லிற்ஸ் என்பவரை எடுத்துக்கொள்வோம். அவர் காலத்து வண்டிகளுக்கு 'ஸ்லிங்சொட்', அதாவது கவண், என்று பெயர். கவணிலே வைத்த கல்லைப்போலச் சாரதி பின்சக்கரங்களுக்கும் பின்னாலே அமர்ந்திருப்பார். இயந்திரம் அவருக்கு முன்னால் இருக்கும். கிளச்சும் கியர்ப்பெட்டியும் அவருடைய கால்களுக்கிடையிலேயே சுழலும். எண்ணெய் பீறிட்டால் முகத்திலே தெறிக்கும். நெருப்புப் பற்றினால் காற்று அதனையும் அவர்மீதே கொண்டுவந்து சேர்க்கும். 1970ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆந் திகதி கலிபோர்னியாவின் லயன்ஸ் தடத்திலே கார்லிற்ஸ் புறப்பட்ட அக்கணத்தில் அந்தக் கியர்ப்பெட்டி வெடித்தது. வண்டி இரண்டாகப் பிளந்தது. அவரது வலப் பாதத்தின் முற்பகுதி போயிற்று.

மருத்துவமனைக் கட்டிலிலே கிடந்த அம்மனிதர் தமது தலையெழுத்தை நொந்துகொண்டிருந்திருக்கலாம். அவரோ இயந்திரத்தைச் சாரதிக்குப் பின்னால் வைக்கும் புதிய வண்டியைப் பற்றிச் சிந்தித்தார். அவ்வாறு வைப்பது முற்றிலும் புதிய எண்ணமன்று. முன்னரும் சிலர் முயன்றிருந்தனர். அவ்வகை வண்டிகள் நேராக ஓடாமல் அலைந்தமையால் எவரும் அவற்றை நம்பவில்லை. கார்லிற்ஸின் புதிய வண்டியும் முதலில் அலைந்தது. அவரும் உதவியாளரும் பலமுறை சோதித்து, சுக்கான் சிறிது திரும்பினாலே முன்சக்கரங்கள் அளவுக்கு மிஞ்சித் திரும்பிவிடுகின்றன என்று கண்டனர். சுக்கானின் விகிதத்தை மாற்றி அதனை மந்தமாக்கியதும் வண்டி நேராக ஓடிற்று. 1971ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பொமோனா நகரில் நடந்த குளிர்காலப் பெரும்போட்டியில் அவ்வண்டி வென்றது. சில ஆண்டுகளுக்குள் முன்னியந்திர வண்டிகள் அந்தத் தலையாய வகுப்பிலிருந்து மறைந்தொழிந்தன. ஒருவர் இழந்த அரைப் பாதம் பின்வந்த எத்தனையோ பேருடைய கால்களைக் காத்தது.

கார்லிற்ஸுக்கு முன்னரே இவ்வழியிற் சென்றவர் பில் சிம்ப்சன். 1958ஆம் ஆண்டிலே, பதினெட்டு வயதில், ட்ராக் பந்தயத்தில் வண்டியை நிறுத்த முடியாமல் மோதி இரண்டு கைகளையும் முறித்துக்கொண்டார். அந்த வேகத்துக்குச் சாதாரண பிரேக் போதாது என்பதைத் தம் உடம்பிலேயே அறிந்த அவர், வண்டியின் பின்புறத்தில் விரியும் சிலுவை வடிவப் பாரசூட்டை உருவாக்கினார். பின்னர் தீப்பற்றாத ஆடைகளையும் செய்தார். இன்று டொப் பியுவல் வண்டியொன்று எல்லைக் கோட்டைக் கடந்ததும் இரண்டு பாரசூட்டுகள் விரிகின்றன. புவியீர்ப்பின் ஏறத்தாழ ஐந்து மடங்கான விசையோடு அவை வண்டியைப் பின்னிழுக்கின்றன.

இவ்விடத்தில் வகுப்பறைப் பாடம் சிறிது சொல்ல வாசகர் அனுமதிப்பாராக. ஓடும் பொருளின் இயக்கசக்தி அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 50 மைலில் ஓடும் வண்டியைவிட 300 மைலில் ஓடும் அதே வண்டியிலே ஆறு மடங்கு சக்தி இருப்பதாக எண்ணுதல் கூடாது. முப்பத்தாறு மடங்கு இருக்கின்றது. காற்றின் தடையைக் கருதாதுவிடின், 900 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகத்துக்கு அது நிகரானது. அந்தச் சக்தி எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். வேகத்தைக் குறைத்தலை அமர்முடுகல் என்று கற்பிக்கின்றோம். அதே வேகத்தை நெடுந்தூரத்திலே குறைத்தால் உடம்பு தாங்கும். குறுந்தூரத்திலே குறைத்தால் தாங்காது. 300 மைல் வேகத்தை 180 மீற்றர் தூரத்திலே சீராக அடக்கினால் சாரதியின் உடம்பு உணர்வது புவியீர்ப்பின் ஐந்து மடங்கு. ஒரே மீற்றரில் அடக்கினாலோ 900 மடங்கு! கிரிக்கெட் ஆடும் சிறுவர் எவருக்கும் இது தெரியும். வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்வாங்கிப் பிடிக்கின்றார்கள். கையை விறைப்பாக நீட்டிப் பிடிப்பவன் விரலை முறித்துக்கொள்வான்.

மனித உடம்பு எவ்வளவைத் தாங்கும் என்று அறிவதற்கு அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜோன் போல் ஸ்ராப் தம்மையே சோதனைப் பொருளாக்கினார். 1954ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே றொக்கற் பூட்டிய சறுக்குவண்டியில் தம்மை இறுகக் கட்டிக்கொண்டு மணிக்கு 632 மைல் வேகத்தில் ஓடி, 1.4 விநாடியில் நின்றார். புவியீர்ப்பின் 46 மடங்கு அவர் உடலைத் தாக்கியது. கண்களில் இரத்தம் கட்டிச் சிறிது நேரம் பார்வையற்றிருந்தார். ஆயின் உயிர் தப்பினார். முறையாகக் கட்டப்பட்ட உடம்பு நாம் நினைப்பதைவிட மிகுதியாகத் தாங்கும் என்பதை அவர் உலகுக்குக் காட்டினார். நமது கார்களிலுள்ள ஆசனப் பட்டிக்கு ஆதரவு திரட்டியவர்களுள் அவரும் ஒருவர்.

தடுப்புச் சுவரின் இலக்கணமும் இந்தப் பாடத்திலிருந்தே பிறக்கின்றது. சுவர் என்றால் பலமாக இருந்தாற் போதும் என்று நாம் நினைப்போம். உண்மை வேறு. நேரான தடத்திலே வழிதவறும் வண்டி பக்கச் சுவரை நேருக்கு நேர் மோதுவதில்லை. சரிந்து வந்து உரசுகின்றது. 300 மைல் வேகத்தில் வருவது ஐந்து பாகைக் கோணத்தில் சுவரைத் தொட்டால், சுவரை நோக்கிய வேகம் ஏறத்தாழ 26 மைல் மாத்திரமே. எஞ்சிய வேகத்தோடு வண்டி சுவர் வழியே வழுக்கிச் செல்லுமாயின் சாரதி பிழைப்பார். வழுக்கவிடாமல் ஏதாவதொன்று அதனைப் பற்றிக்கொண்டால் பிழைத்தல் அரிது. முற்காலத்துத் தடங்களின் பக்கங்களிலே, தூண்களில் அறைந்த உருக்குப் பட்டை வேலிகள் இருந்தன. வண்டியின் தாழ்ந்த மூக்கு பட்டைக்குக் கீழே நுழையக்கூடும், தூணிலே சிக்கவுங்கூடும். ஆகவே அவ்வேலிகளை நீக்கி, இடைவெளியற்ற, வழுவழுப்பான கொங்கிறீற்றுச் சுவர்களை அமைக்கலாயினர். வன்மையான கொங்கிறீற்று மெல்லிய உருக்கைவிட உயிரைக் காக்கும் என்பது முதற்பார்வையில் வியப்பாயிருக்கும். கோணத்தைக் கணித்தவர்க்கு வியப்பில்லை.

வட்டத் தடத்திலே நிலைமை மாறுபடும். அங்கே வளைவில் வழிதவறும் வண்டி இதைவிடப் பெரிய கோணத்திலே சுவரை மோதும். 2001ஆம் ஆண்டு பெப்ரவரியில் டேற்றோனா நகரில் புகழ்பெற்ற சாரதி டேல் ஏர்ன்ஹார்ட் அவ்வாறு மோதி இறந்தார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துப் பொறியியலாளர் டீன் சிக்கிங்கும் அவருடைய குழுவினரும் அக்காலத்தில் உருவாக்கிக்கொண்டிருந்த சுவர் 2002ஆம் ஆண்டில் இந்தியனாபொலிஸ் தடத்திலே முதன்முதலாக நிறுவப்பட்டது. கொங்கிறீற்றுக்கு முன்னால் உருக்குக் குழாய்களும், இரண்டுக்கும் நடுவே நுரைக் கட்டிகளும் வைத்த அமைப்பு அது. மோதியவுடன் சுவர் சிறிது பின்வாங்குகின்றது. பந்தைப் பிடிக்கும் சிறுவன் செய்வதையே அந்தச் சுவரும் செய்கின்றது.

ட்ராக் தடத்திலே நேர்மோதலுக்கு இடமுள்ளது தடம் முடியும் இடத்திலேதான். 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21ஆந் திகதி நியூ ஜேர்சி மாநிலத்து இங்கிலிஷ்ரவுண் தடத்தில் ஸ்கொற் கலிற்றா என்னும் நாற்பத்தாறு வயதுச் சாரதி ஓடினார். இருமுறை வாகை சூடியவர். தந்தையாரும் புகழ்பெற்ற பந்தயக்காரர். எல்லைக்கோட்டின் அருகிலே அவரது வண்டியின் இயந்திரம் வெடித்தது. பாரசூட்டுகள் பயன்படவில்லை. வண்டி வேகம் தணியாமல் தடத்தின் முடிவிலிருந்த மணற் படுகையையும் கடந்து சென்று மோதியது. அவர் மரணமானார்.

அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். மூன்று கிழமைக்குள், அடுத்த மாதம் டென்வர் நகரில் நடந்த போட்டியிலேயே, அதிவேக வகுப்புகளின் ஓட்டத் தூரம் 1320 அடியிலிருந்து 1000 அடியாகக் குறைக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கால் மைல் என்பது அந்த விளையாட்டின் உயிர்நாடியாக இருந்தது. பழைய சாதனைகள் யாவும் அத்தூரத்திலே நிலைநாட்டப்பட்டவை. அதைக்கூடத் துணிந்து வெட்டினார்கள். வெட்டிய 320 அடியும் வண்டி நிற்பதற்கான தூரமாயிற்று. இயந்திரம் வெடித்தால் எரிபொருளைத் தானே நிறுத்தி, பாரசூட்டையும் தானே விரிக்கும் கருவியும் பின்னர் கட்டாயமாயிற்று. சுயநினைவு இழந்த சாரதியின் கைக்குப் பதிலாக அக்கருவி வேலை செய்யும்.

எமது மனத்தை மிகவும் உருக்கிய கதை அதற்கு முந்திய ஆண்டிலே நடந்தது. எரிக் மெட்லன் என்பவர் முப்பத்துமூன்று வயது இளைஞர். அவரது வண்டிக்குத் தலைமை இயந்திர வல்லுநராக இருந்தவர் அவருடைய சொந்தத் தந்தையார் ஜோன் மெட்லன். 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே புளோரிடாவின் கேய்ன்ஸ்வில் தடத்தில் நடந்த சோதனை ஓட்டத்தின்போது பின் ரயர் ஒன்று பழுதுற்று, வண்டி மிகக் கடுமையாக அதிர்ந்தது. சுவரில் மோதுமுன்னரே அந்த அதிர்ச்சியில் மகனுடைய தலை பக்கத்துக்குப் பக்கம் அலைமோதிற்று. நான்கு நாட்களின் பின் அவர் உயிர் நீத்தார்.

தந்தையார் பணியைவிட்டு விலகியிருந்தால் உலகம் அவரைக் குறைகூறியிராது. அவர் விலகவில்லை. குழுவின் தலைவரான ஜோன் போர்ஸ் சிறிதுகாலம் ஏனைய வண்டிகளையும் நிறுத்திவைத்தார். மகனின் பெயரால் ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. மகனைக் கொன்றது எது, எந்தக் குழாய் எங்கே தலைக்கு மிக நெருங்கியிருந்தது, பஞ்சணை எவ்வளவு தடிப்பாக இருந்திருக்க வேண்டும் என்பவற்றைத் தந்தையார் அளந்து ஆராய்ந்தார். அந்த அளவுகோலைக் கையிலே பிடிப்பதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்! சாரதியின் தலையைச் சூழ்ந்த கூடு அகலமாக்கப்பட்டது; பஞ்சணை பெருகியது; பக்கவாட்டு அசைவைத் தடுக்கும் ஏற்பாடுகள் வந்தன. சரியாக ஆறு மாதங்களின் பின், செப்டெம்பர் 23ஆந் திகதி, டெக்ஸாஸ் மாநிலத்திலே ஜோன் போர்ஸின் வண்டியே உடைந்து நொறுங்கியது. கையும் காலும் முறிந்தன, தலை தப்பியது. எரிக்கின் மரணத்தால் வந்த மாற்றங்களே தம்மைக் காத்தன என்று அவர் பலமுறை கூறியுள்ளார். 2010ஆம் ஆண்டிலே, அறுபத்தோராவது வயதில், அவர் மீண்டும் வாகை சூடினார்.

இதனைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. எமது வகுப்பிலே சில ஆண்டுகளுக்கு முன் படித்த மாணவன் ஒருவனின் முகம் நினைவிலே நின்றது. கணிதத்திலே கெட்டிக்காரன். பரீட்சை முடிந்த கிழமை, நண்பனுடைய மோட்டார்ச் சைக்கிளில் இரவிலே போனவன், வளைவொன்றில் மதகின் கட்டிலே மோதி இறந்தான். மரண வீட்டிலே பெரியவர்கள் தாயின் அருகே அமர்ந்து, "விதி, பிள்ளை, என்ன செய்யிறது?" என்று ஆறுதல் கூறினர். அந்த நேரத்தில் அத்தாய்க்கு வேறெந்த ஆறுதலையும் எவரும் சொல்லியிருக்க முடியாது. அதை நாம் குறைகூறவில்லை. ஆயின் எட்டுச் செலவு கழிந்தது; அந்தியேட்டி கழிந்தது; ஆண்டுத் திவசமும் கழிந்தது. மதகின் கட்டு மாத்திரம் அப்படியே நிற்கின்றது. அதன் முனை வீதியை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றது. வெள்ளைச் சுண்ணாம்புகூட எவரும் பூசவில்லை. ஆறுதலுக்காகச் சொன்ன சொல்லை நாம் முடிவாகவும் வைத்துக்கொண்டோம் போலும்.

இவ்வளவு தலையைப் பிய்த்துக்கொள்வானேன், பந்தயத்தையே நிறுத்திவிடலாமே என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். காப்பு மிகுந்தால் துணிவும் மிகும் என்பதும் உண்மை. தூரத்தைக் குறைத்தபின்னும் வேகம் வளர்ந்துகொண்டேதான் இருக்கின்றது. 2025ஆம் ஆண்டிலே 1000 அடிக்குள்ளேயே மணிக்கு 340 மைல் கடக்கப்பட்டுவிட்டது. அவ்வேகத்தை எட்டியவர் ஜோன் போர்ஸின் மகள் பிரிற்றனி. அவருடைய தந்தையாரோ அதற்கு முந்திய ஆண்டு ஜூன் மாதத்திலே, எழுபத்தைந்தாவது வயதில், வேர்ஜீனியா மாநிலத்தில் இயந்திரம் வெடித்துச் சுவரில் மோதி மூளையிலே கடுங்காயமடைந்தார். விதிகளை எழுதி எழுதி ஆபத்தை முற்றாக ஒழித்துவிட்டதாக அந்த விளையாட்டார் எவரும் மார்தட்ட முடியாது. ஆயினும் நிறுத்து என்று சொன்னால் இளைஞர் நின்றுவிடுவதில்லை. தடத்திலிருந்து வீதிக்குத்தான் போவார்கள். 1951க்கு முன் அவர்கள் இருந்த இடம் அது. வீதியிலே மணற் படுகையும் இல்லை, பரிசோதகரும் இல்லை; எதிரே மதகு மாத்திரம் இருக்கும்.

இந்த எண்ணத்தோடு மருமகனை அழைத்தோம். "மாமா, நான் றோட்டிலை ஓடேல்லை. அதுக்கெண்டு கட்டின தடத்திலைதான் ஓடுறன்," என்று அவன் முந்திக்கொண்டான். நாம் தடுக்கவில்லை. வாய்மொழிப் பரீட்சை நடத்தினோம். அவனது கார் கால் மைலை எத்தனை விநாடியில் ஓடும் என்று கேட்டோம். பதினொரு விநாடி அளவில் என்றான். அத்தகைய பழைய கார் 11.49 விநாடியிலோ அதற்கு விரைவாகவோ ஓடினால், கவிழும்போது கூரையைத் தாங்கும் உருக்குக் குழாய் வளைவு வேண்டும் என்பது விதிநூல். அஃது உண்டா என்றோம். உண்டு என்றான். தலைக்கவசம்? உண்டு. தோளையும் இடையையும் கட்டும் பந்தய பெல்ற்? அதுவும் உண்டு, தெரிந்தவர் ஒருவரிடம் மலிவாக வாங்கினானாம். அதிலே தைத்துள்ள திகதி என்ன என்று கேட்டோம். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

"பாக்கேல்லை மாமா. புதுசு மாதிரித்தான் கிடக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே அழைத்தான். குரலிலே கோபம். தடத்தின் பரிசோதகர் காரின் கதவைத் திறந்தவுடன் முதலில் பெல்ற்றின் சிட்டையைத்தான் பார்த்தாராம். உற்பத்தியாகி இரண்டு ஆண்டு கடந்துவிட்டது. ஓட முடியாது என்று திருப்பியனுப்பிவிட்டாராம். "ஒரு நூல்கூடப் பிரியேல்லை மாமா. திகதி முடிஞ்சிட்டுதெண்டு ஓட விடேல்லை!" வெயிலிலே கிடக்கும் நெசவுப் பட்டி கண்ணுக்குத் தெரியாமலே வலுவிழக்கும் என்பதையும், எப்போது இழந்தது என்பதை மோதும்வரை எவராலும் அறிய முடியாமையால்தான் திகதி வைத்திருக்கின்றார்கள் என்பதையும் விளக்கினோம். முகமறியாத அந்தப் பரிசோதகருக்கு மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டோம். யாரோ ஒருவருடைய பெல்ற் எங்கோ ஒருநாள் அறுந்திருக்கும். அதைக் கண்டவர்கள் எழுதிவைத்த ஒரு வரி, பெயர் தெரியாத எமது மருமகனை வாசலிலே நிறுத்தியிருக்கின்றது.

புதிய பெல்ற் வாங்கிக்கொண்டு அவன் இரண்டு பருவம் ஓடிவிட்டான். பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. தமக்கையாருக்கு அச்சம் தீரவில்லை. தாய்க்கு அது தீரவுங் கூடாது. பந்தய நாட்களில் அவர் முன்போலவே சுவாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டுத்தான் மகனை வழியனுப்புகின்றார். ஆனால் இப்போது விளக்கேற்றியபின் இன்னொன்றும் செய்கின்றார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார்க் கொட்டகைக்குப் போய், பெல்ற்றின் சிட்டையைத் திருப்பித் திகதியை வாசிக்கின்றார். சென்ற கிழமை எம்மை அழைத்தபோது சொன்னார்:

"தம்பி, வாற மாசத்தோடை அது முடியுது. நீயும் ஒருக்கா அவனுக்கு ஞாபகப்படுத்து."